நாலு காலைக்கு ஒரு கோடு

என் அக்காவும் நானும் போனில் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. காலை ஆறு மணிக்கு அவள் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், நான் கட் பண்ணுவேன், அதோடு அன்றைய சமாச்சாரம் முடிந்தது. அவள் நல்லபடியாக எழுந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். எழுபத்து நாலு வயதில் தனியாக இருக்கிறவளைப் பற்றித் தம்பிக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அவள் இருப்பது வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அத்தான் போன பிறகும் வெள்ளாமைக் காட்டை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் அரியலூரில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். இந்த வேலைக்கு பென்ஷன் கிடையாது, முட்டிவலி மட்டும் உண்டு. இப்போது பகலில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து, சிமெண்ட் லோடு விசாரித்து வரும் போனை எடுக்கிறேன். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் போன் எடுத்துவிட்டு, சொந்த அக்காவின் போனை மட்டும் தினமும் கட் பண்ணிக்கொண்டிருந்தேன்.

பேச்சுக்குக் காசு போன காலத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று ரீசார்ஜ் பேக் வந்தது. அக்கா நம்பவில்லை. "சும்மாவா பேச வுடுவான்? எங்கயாச்சும் புடிப்பான்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதும் தப்பில்லை. ஒரு காலத்தில் சிம் வாங்கினால் ஆயுசுக்கும் இன்கமிங் இலவசம் என்றார்கள். யார் ஆயுசு என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது ரீசார்ஜ் போடாவிட்டால் முதலில் நாம் கூப்பிட முடியாது, பிறகு நம்மையும் யாரும் கூப்பிட முடியாது, அப்படியே விட்டால் நம்பரே வேறு ஒருவருக்குப் போய்விடும்.

மாசாமாசம் இருபத்தெட்டு நாள் பேக் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லா பேக்கிலும் நெட் இருக்கும். தினம் இத்தனை ஜிபி என்று அக்கா பேருக்கு வந்து, அன்றைக்கே வீணாய்ப் போகும். அவளுடையது பட்டன் போன். அதில் இருக்கிற பெரிய வசதி டார்ச் லைட். இது எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். சாப்பிடாத பண்டத்துக்குச் சேர்த்துப் பணம் கொடுத்தால் கண்டக்டருக்கு எரியாமல் என்ன செய்யும்? கடைசியில், மொத்தமாகப் போட்டால் கொஞ்சம் மிச்சம் என்று எண்பத்து நாலு நாள் பேக்காகப் போட்டேன். அவளைப் பார்க்கப் போனபோது, "எண்பத்து நாலு நாள், அக்கா. மெசேஜெல்லாம் உன் போனுக்குத்தான் வரும், உனக்குப் படிக்கத் தெரியாது. நீயே கணக்கு வச்சுக்க. முடியறதுக்கு முந்தி சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"எனக்கா கணக்குத் தெரியாது?" என்றாள். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

ஒருநாள் ஆறு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அசந்து தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். நான் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. அதில் அதிசயமில்லை. சார்ஜ் நிற்பதில்லை என்று சொல்லி அவள் பகலெல்லாம் போனை அணைத்துத்தான் வைப்பாள். மறுநாளும் அடிக்கவில்லை. அன்றைக்கு ஆபீஸில் எடுத்த போனிலெல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்றால் அவர் நம்பர் என்னிடம் இல்லை. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவரோடு மல்லுக்கு நின்று, அந்த ஆத்திரத்தில் நம்பரை அழித்தவன் நான்தான். என் வாயும் கையும் எனக்கு எத்தனையோ முறை இப்படி வேலை வைத்திருக்கின்றன.

மூன்றாம் நாளும் ஆறு மணி தாண்டியது. ஏழு மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் கண்டக்டர், "சார் உக்காருங்க" என்று மரியாதையாக இடம் கொடுத்தார். அக்கா குளியலறையில் விழுந்து கிடப்பாளோ, மூன்று நாளாகக் கிடப்பாளோ என்றே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது தலை சுற்றியது. சர்க்கரைக்காரன், வெறும் வயிறு. ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அக்கா வீடு பூட்டியிருந்தது. வெளிப் பூட்டு. உள்ளே விழுந்து கிடக்கவில்லை என்று உயிர் வந்தது. எங்கே போனாள் என்று மறுபடி உயிர் போனது. வாசல்படியில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் வரிசையாகக் கோடு போட்டிருந்தது. பால் கணக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அந்த வேலித் தகராறுக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?" என்றார்.

"எனக்கென்ன? அக்கா எங்கங்க?"

"உங்களப் பாக்கத்தான் போயிருக்காங்க. தம்பிக்கு என்னமோ ஆயிப்போச்சு, மூணு நாளா போனைக் கட் பண்ணலன்னு அழுதுகிட்டே காலையில பஸ் ஏறுனாங்க. எங்க போன்ல அடிச்சுப் பாக்கறோம், ஆளு அனுப்பறோம்னெல்லாம் சொன்னோம், நேர்லதான் பாக்கணும்னு கேக்கல."

அந்த அம்மாள் வேலிச் சண்டையை மனதில் வைக்காமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெட்கமாக இருந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. அரியலூரில் இருந்து, நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார அம்மா.

"அண்ணே, உங்க அக்கா வந்து மாடிப்படியில உக்காந்திருக்காங்க. நீங்க எங்க போனீங்க? டீ குடுத்தா வேணாங்குறாங்க. தம்பி வரட்டும்ங்குறாங்க."

"போனை அவகிட்ட குடுங்க."

"எங்கடா போய்த் தொலஞ்ச?" என்றாள் அக்கா.

"உன் வூட்டு வாசல்லதான் உக்காந்திருக்கேன்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. "அங்கயே இரு, நான் வரேன்" என்றாள். "நீ நகராத, நான் வரேன்" என்றேன். "உனக்குச் சக்கர இருக்கு, நீ அலையாத." "உனக்கு எழுவத்து நாலு வயசு, நீ அலையாத." இப்படியே ஐந்து நிமிஷம் போனது. வீட்டுக்கார அம்மாவின் போனில் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன்.

திரும்பி வரும்போது நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ் நேரமெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நான் டீ குடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நாலு பஸ் தள்ளி அவள் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். திரும்பிப் பார்த்திருந்தால் பார்த்திருப்பேன்.

படியிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு வீட்டுக்கார அம்மாவிடம், "இப்பக் குடும்மா" என்று டீயைக் கேட்டு வாங்கினாள். ரெண்டு டம்ளர், ஒரே மூச்சில். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

அவள் போனை வாங்கி ஆன் பண்ணி என் நம்பரை அழுத்தினேன். வேலிடிட்டி முடிந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யுங்கள் என்று பதிவு செய்த குரல் சொன்னது.

"இதைக் கேக்கலியா நீ?"

"அந்தப் பொம்பள எப்பயும் என்னத்தையாச்சும் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பா. நான் எங்க கேட்டேன்? வழக்கம்போல அமுத்துனேன். நீ கட் பண்ணுவ கட் பண்ணுவன்னு பாத்தேன், பண்ணல."

"எண்பத்து நாலு நாள் முடிஞ்சிருச்சுக்கா. கணக்கு வைக்கச் சொன்னேன்ல?"

"முடியவே இல்ல. சரியா வச்சிருக்கேன். இருவத்தோரு நாள்தான் ஆயிருக்கு. இன்னும் அறுவத்து மூணு நாள் பாக்கி."

அப்போதுதான் அந்தக் கரிக்கோடு ஞாபகம் வந்தது. கேட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். காலையில் கால் மணி நேரம்தான் போனைப் போடுகிறாள். மீதி நேரமெல்லாம் அணைத்துக் கிடக்கிறது. ஓடாத போனுக்கு நாள் எப்படிக் கழியும்? ஆனாலும் கம்பெனிக்காரன் வயிற்றில் அடிக்கக் கூடாது என்று, நாலு காலைக்கு ஒரு கோடு, ஒரு கோடு ஒரு நாள் என்று தாராளமாகவே போட்டிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் வாழ்நாள் முழுக்கப் பக்கத்துக் காட்டு போர்வெல்லில் தண்ணீர் வாங்கிப் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பாய்ச்சினவள். மோட்டார் ஓடின மணிக்குத்தான் காசு. கரண்ட் போய்விட்டால் யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். டிராக்டர் உழவும் அப்படித்தான். அவள் பார்த்த உலகத்தில் நின்றுபோன இயந்திரத்துக்கு யாரும் காசு வாங்கியதில்லை. அதை வைத்துப் பார்த்தால் அவள் கணக்கு சுத்தம்.

"அணைச்சு வச்சாலும் நாள் போகும்க்கா" என்றேன்.

"போகுமா?" யோசித்தாள். "நாம தூங்குனாலும் போவுதுல்ல, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்" என்றேன்.

"அது சரி, எதுக்கு மிச்சம் புடிச்ச? நான்தானே போடுறேன்?" என்று கேட்டேன். சார்ஜ் கதை பொய் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"அதுக்குத்தான். உனக்கு மாத்திர வாங்கவே பத்தல. எனக்குப் போனுக்கு வேற போட்டுக்கிட்டு." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை கடைத்தெருவில் ரீசார்ஜ் கடைக்குக் கூட்டிப்போனேன். கடையை நடத்துவது ஒரு பெண். ஜெராக்ஸும் உண்டு. வழக்கம்போல எண்பத்து நாலு நாள், தினம் ஒன்றரை ஜிபி என்று ஆரம்பித்தார்.

"நெட்டே வேணாம்மா. அவங்க பட்டன் போன் வச்சிருக்காங்க. பேசணும், அவ்வளவுதான்."

"நம்பர் மாத்தாம வேற கம்பெனிக்குப் போனா இன்னும் கொறச்சலா கெடைக்கும் சார். பெரியம்மா, உங்க ஊர்ல அந்த டவர் எடுக்குமா?"

"மேட்டுக்காட்டுக்கு ஏறுனா எடுக்கும்" என்றாள் அக்கா. தினமும் காலையில் மிஸ்டு கால் கொடுக்க மேட்டுக்காட்டுக்கு ஏறுவதைக் கற்பனை பண்ணிப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டேன்.

"அப்ப நெட்டில்லாம பேசறதுக்கு மட்டும் ஒண்ணு இருக்கு. ஒரு வருசத்துக்கு. மாசத்துக்குன்னு பிரிச்சுப் பாத்தா இப்பப் போடறதவிடக் கம்மிதான்."

"இத ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"யாரும் கேக்கலையே சார். எல்லாரும் நெட்டுதான் கேக்குறாங்க."

கேட்டால்தான் கொடுப்பார்கள் என்பது பஸ்ஸில் பாக்கிச் சில்லறை விஷயத்தில் நானே கடைப்பிடித்த முறை. பணத்தைக் கொடுத்துப் போடச் சொன்னேன்.

"ஒரு வருசமா?" அக்கா என் சட்டையை இழுத்தாள். "அதுவரைக்கும் நான் இருக்கணுமேடா."

"இருந்துதான் ஆகணும். போட்டாச்சு."

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டு, "உங்க நம்பரையும் பாத்துடவா சார்?" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் தட்டிவிட்டார். "உங்களுக்கு இன்னைக்கோட முடியுது."

அது எனக்குத் தெரியும். சம்பளம் வரும்வரை நாலு நாள் தள்ளலாம், இன்கமிங் உடனே நிற்காது என்று வைத்திருந்தேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்தாள்; ஓடுகிற பஸ்ஸில் படியில் தொங்குகிறவனைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். ரெண்டு மாச முதியோர் உதவித்தொகை அப்படியே மடித்து இருந்தது.

"இவனுக்கும் அதே ஒரு வருசம் போடும்மா."

"அக்கா, உள்ள வையி. எனக்கு நாலு நாள்ல சம்பளம் வரும். என் போனுக்கு இப்ப என்ன அவசரம்?"

"அவசரம் எனக்குடா!" என்று கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "காலையில டீயப் போட்டு எதுத்தாப்புல வச்சுட்டுத்தான் உனக்கு அமுத்துவேன். நீ கட் பண்ணாத்தான் வாயில வைப்பேன். மூணு நாளா வச்சது வச்சபடி ஆறிப்போச்சு, ஆட்டுத் தொட்டியில ஊத்துனேன். உன் போனு செத்துப்போச்சுன்னா எனக்கு ஏதுடா டீ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அவளை நான் கவனித்துக்கொள்கிறேன் என்று, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரம்பலூரில் நான் குடித்த டீயும் நினைவுக்கு வந்தது. பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரப் பெண்ணிடம் தலையை ஆட்டினேன்.

இப்போது எங்கள் ரெண்டு போனிலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். டீ குடித்து முடித்த பிறகு அவள் மறுபடி கூப்பிடுவாள், ஆடு குட்டி போட்டதிலிருந்து வேலி வரைக்கும் எல்லாம் வரும். ஆனால் ஆறு மணிக்கு வருகிற முதல் போனை நான் எடுப்பதில்லை. போன வாரம் முகமெல்லாம் சோப்பாக இருந்தபோது அடித்தது. கண் எரிய எரிய ஓடிவந்து, தடவித் தேடிக் கட் பண்ணினேன். அங்கே டீ ஆறிவிடும்.