தெற்கே வைத்த முற்றம்

எழிலரசிக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. எந்த வீட்டு வாசலில் நின்றாலும் சமையலறை எங்கே, கழிப்பறை எங்கே என்று உள்ளே போகாமலே சொல்லிவிடுவாள். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? அங்கே ஒரு வீட்டைப் பார்த்தால் எல்லா வீட்டையும் பார்த்த மாதிரி. இந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் நிறுவனம், வெளிநாட்டுப் பழங்கட்டடங்களை லேசர் அளவுகளிலிருந்து கணினியில் முப்பரிமாணமாக வரைந்து கொடுக்கும். இந்த முறை வந்தது, எண்ணூறு வருஷத்துக்கு முன் பிரான்ஸில் சிஸ்டர்சியன் துறவிகள் கட்டிய மடம். ஆடம்பரமே ஆகாது என்று அடம்பிடித்த கூட்டம் அது. சிலையும் இல்லை, வண்ணக் கண்ணாடியும் இல்லை; வெறுங்கல், கூர்முனை வளைவுகள், வெளிச்சம், அவ்வளவுதான். மடத்தை மூடிய பிறகு ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனதில் மிஞ்சியது தேவாலயம் மட்டும். நடுவில் சதுர முற்றமும் சுற்றி நடைகூடமுமாகத் துறவிகள் வாழ்ந்த பகுதி எந்தப் பக்கம் நின்றது என்று அங்குள்ளவர்களுக்கே தெரியவில்லை. நீங்கள் வரைந்து காட்டுங்கள், அங்கே தோண்டுகிறோம் என்றார்கள். தோண்டுவதற்கு ஒரே ஒரு கோடைக்குத்தான் அனுமதி.

எழிலரசி இதே துறவிகளின் வேறு சில மடங்களை வரைந்தவள். எல்லாவற்றிலும் தேவாலயத்துக்குத் தெற்கேதான் முற்றம், நல்ல வெயில் விழும்படி. கிழக்கு மாடியில் படுக்கைக்கூடம், அங்கிருந்து நேரே தேவாலயத்துக்குள் இறங்கும் படிக்கட்டு. "இவங்களும் நம்ம குவார்ட்டர்ஸ் ஆளுங்கதான்" என்று சிரித்தபடி இதையும் தெற்கே வைத்தாள். வடக்குச் சுவரில் இரண்டு இடத்தில் கல் மாறியிருந்தது. பிற்காலத்தில் யாரோ பார்த்த ஒட்டு வேலை என்று தள்ளிவிட்டாள். மேலாளர் குணசேகரனுக்கு ஏக சந்தோஷம்; முற்றம் தெற்கே என்று பிரான்ஸுக்கு அன்றைக்கே தகவல் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒப்படைத்தால் டீம் லீடர் நீதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வியாழன் காலை, ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் அவள் குடியிருக்கும் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் மறுபடியும் திரும்பி வந்து தேங்கியது. அவள் கணவன் தேவா, அண்ணனூரில் மின்சார ரயில் பழுது பார்க்கிறவன், துடைப்பமும் கையுமாக வீடு கட்டியவனை வறுத்துக்கொண்டிருந்தான்.

"மேட்டுப் பக்கமா பைப்ப உட்டுக்கீறான் பாரு. தண்ணி இன்னா ஏணி வச்சி ஏறுமா?"

எழிலரசிக்குப் பிரான்ஸ் மடம் நினைவுக்கு வந்தது. அந்த மடத்துக்குத் தெற்கே மேடு. ஓடை ஓடுவது வடக்கே, பள்ளத்தில். சமையலுக்கும் கழிப்பறைக்கும் ஓடையை நம்பியவர்கள் மேட்டில் போய் ஏன் குடியிருக்கப் போகிறார்கள்? சாப்பிடாமல் அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கணினியில் வடக்குச் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒட்டு வேலையாவது மண்ணாங்கட்டியாவது. இரண்டும் துறவிகள் வந்துபோன வாசல்கள், பிறகு கல் வைத்து அடைத்தவை; மேலே வளைவுக் கல்கூட அப்படியே இருந்தது.

குணசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா, கடைசி நேரத்துல குண்டத் தூக்கிப் போடுற? அவங்களுக்கே தெரியாத விஷயம். குட்த்துடலாம், தோண்டிப் பாத்துட்டு அவங்களே சொல்லட்டும்."

"தோண்டினா வெறும் மண்ணுதான் சார் வரும். அப்புறம் அவங்களுக்கு அனுமதி ஏது?"

"நீ லீடர் ஆவறத மறந்துட்டுப் பேசுற."

"மறக்கல சார். ரெண்டு வருஷமா அதத்தான் நெனச்சிட்டிருக்கேன்."

ஆசை இல்லாமலா? அன்று முழுக்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் குணசேகரன் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள். தெரிந்த ஆங்கிலத்தில், தடுமாறித் தடுமாறி: வரைந்தது தப்பு, தப்பு என்னுடையது, முற்றம் வடக்கே, புதன்கிழமை வரை நேரம் கொடுங்கள்.

அந்தப் பக்கம் இருந்தவர், மடத்தில் தோண்டும் வேலையை நடத்தும் அம்மாள். அவர் ஒரு விஷயம் சொன்னார். தெற்கு மேட்டில் திங்கட்கிழமை தோண்டும் இயந்திரம் இறங்க இருந்ததாம். அங்கே தங்கள் பிள்ளைகளைப் புதைத்த இடம் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் குறுக்கே நிற்கிறார்களாம். உங்கள் வரைபடத்தைக் காட்டித்தான் அவர்களைச் சம்மதிக்க வைக்க இருந்தோம் என்றார்.

அழைப்பு முடிந்தது. மாலையில் குணசேகரன் அவளைக் கூப்பிட்டார். "லீடர் போஸ்ட்டு உன் பக்கத்து சீட்டு விஷாலுக்குத்தான் போவும்மா. மேலருந்து சொல்லிட்டாங்க."

"குடுங்க சார். வடக்குப் பக்கத்த மட்டும் நான்தான் வரைவேன், வேற யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழிலரசி தன் இடத்துக்குப் போனாள்.