மாயாண்டிக்கு முதல் உருண்டை

தமிழ்வாணியின் வீட்டில் யாருக்கு எவ்வளவு பசித்தாலும் முதல் உருண்டைச் சோறு மாயாண்டிக்குத்தான். குக்கரை இறக்கியதும் ஒரு கரண்டி தனியாக எடுத்து ஆறவைத்து, பருப்பு விட்டுப் பிசைந்து, அரிசி டிரம்மின் மேல் வைப்பாள். மாயாண்டி சன்னலிலிருந்து இறங்கி வந்து சாவகாசமாக உட்காருவான். இரண்டு கன்னமும் புடைக்க அடைத்துக்கொண்டு அவன் விலகும்வரை புருஷனும் பெண்டாட்டியும் தட்டைத் தொடமாட்டார்கள்.

"சாமி சாப்ட்டாச்சு. வா புள்ள, நாம திம்போம்" என்பான் சிவபாண்டி.

மாயாண்டி ஒரு குரங்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்வாணியின் பிழைப்பே குரங்கு விரட்டுவதுதான். அழகர்கோவில் கோட்டைவாசலுக்கு வெளியே தேங்காய்ப்பழத் தட்டு விற்கிற கடை அவளுடையது. வாடிப்பட்டிப் பக்கம் பிறந்து, பிளஸ் டூ முடித்து, மதுரையில் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கியவள், கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். உட்கார்ந்தாலும் கண் ஓயாது. ஆடி மாதமும் சித்திரையும் கூட்டம் நெரியும். கூட்டத்துக்கு மேலே கூரையிலும் மரத்திலும் இன்னொரு கூட்டம். ஒரு கையில் சில்லறை கொடுத்தால் மறுகை கவட்டையில் இருக்கும். கல் எறியமாட்டாள், ரப்பரை இழுத்துக் காட்டினால் போதும், குரங்குகள் ஓடிவிடும்.

அப்படிப்பட்டவள் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே கருகிக் கிடந்த தாய்க்குரங்கின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தாள். கடைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கிட்டே போக யாருக்கும் தைரியமில்லை. அவள் முந்தானையை விரித்துப் பிடித்து அதைப் பிய்த்து எடுத்தாள். பிய்த்து என்றுதான் சொல்லவேண்டும். அந்தச் சின்ன விரல்கள் செத்த ரோமத்தை விடவே இல்லை.

இங்க் ஃபில்லரில் பால் ஊட்டினாள். மார்புச் சூடு இல்லாமல் தூங்காது என்பதால் சேலைக்குள்ளே போட்டுக்கொண்டே வியாபாரம் பார்த்தாள். பக்கத்துப் பொரிகடலைக்காரர் மொக்கைச்சாமிக்கு அதைப் பார்த்து வாய் சும்மா இருக்காது.

"ஊரு குரங்கப் பூரா வெரட்டுது, வீட்டுக் குரங்கத் தாலாட்டுது. என்னா டிசைன் தங்கச்சி நீ?"

"ஒங்களையும் சேத்துத்தான் சகிச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணே. போயி கடலைய வறுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. சொந்தக்காரர்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம், அவள் குட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

முதல் உருண்டை வழக்கம் சிவபாண்டி கொண்டுவந்தது. அவன் மாட்டுத்தாவணிக்கும் அழகர்கோவிலுக்கும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு விளக்குப் போடுவான். வீட்டிலேயே ஆஞ்சநேயர் இருக்கும்போது அவருக்கு வைக்காமல் தின்னலாமா என்று சனிக்கிழமைகளில் ஆரம்பித்தான். போன வருடம் தமிழ்வாணி உண்டானதும் அது தினப்படி ஆனது. மூன்று வேளையும். ஊரே அதை ஒத்துக்கொண்டது: மாயாண்டி கொடுத்த பிள்ளை.

மாயாண்டியும் அப்போது குட்டியாக இல்லை. தோள் அகன்றிருந்தது. மேல்வாயில் இரண்டு பல் நீண்டு, உதட்டை மூடினாலும் நுனி தெரிந்தது. புதிதாக ஒரு பழக்கமும் வந்திருந்தது. டிரம்மின் மேல் உட்கார்ந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, வாயைக் காது வரை திறந்து நிதானமாகக் கொட்டாவி விடுவான்.

"மாயாண்டிக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று சிவபாண்டி சிரிப்பான்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் பசி தாங்காமல் அடுப்படியிலேயே ஒரு வடையை எடுத்துத் தமிழ்வாணி வாயில் போட்டாள். பின்னாலிருந்து கனமாக ஏதோ விழுந்தது. மணிக்கட்டைப் பல் பிடித்துக்கொண்டது. அழுத்தவில்லை, பிடித்தபடி இருந்தது. அவள் வடையைத் துப்பினாள். பிடி தளர்ந்தது. தோலில் நான்கு குழி, இரத்தம் இல்லை.

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து மாயாண்டிக்குச் சூடம் காட்டி மன்னிப்புக் கேட்டார்கள்.

"நாந்தான் முந்திட்டேன். என் தப்புத்தான் சாமி" என்று தமிழ்வாணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெண் பிறந்தது. மாயாண்டி தொட்டிலை விட்டு நகர்வதில்லை. சேலைத் தொட்டிலின் ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்ப்பான். பாப்பாவின் தலைமுடியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேன் பார்ப்பான். சிவபாண்டி அதை வீடியோ எடுத்துப் போட, எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோவிலுக்கு வந்தவர்களில் சிலர் கடையைத் தேடி வந்து, "அந்த வீடியோ நீங்கதானே?" என்று செல்ஃபி எடுத்துப் போனார்கள். வியாபாரமும் கூடியது.

பாப்பாவுக்குச் சோறூட்ட நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை. கோவிலில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் தமிழ்வாணி. மாயாண்டி இல்லாமலா என்று சிவபாண்டி வீட்டிலேயே வைத்தான்.

அந்த வாரத் திங்கட்கிழமை மதியம், கூட்டம் இல்லாத நேரம். கடைக்கு எதிரே யாரோ கொட்டிவிட்டுப் போன தேங்காய்ச் சில்லுகளுக்குக் குரங்குகள் இறங்கின. காது கிழிந்த பெரிய ஆண்குரங்கு முதலில் வந்து உட்கார்ந்து தின்றது. மற்றவை சுற்றிலும் உட்கார்ந்து, பசியே இல்லாததுபோல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. தமிழ்வாணி தினமும் பார்க்கிற காட்சிதான். ஒரு குட்டி மெல்லக் கையை நீட்டியது. பெரியது அதை முறைக்கவில்லை, உறுமவில்லை. நிதானமாக வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

குட்டி கையை இழுப்பதற்குள் பெரியது அதன் முதுகைக் கவ்வி மண்ணில் தேய்த்தது.

தேங்காய் உரித்துக்கொண்டிருந்த தமிழ்வாணியின் கை நின்றுபோனது. போனை எடுத்து, எல்லோரும் கும்பிட்ட அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தொட்டில். பாப்பாவின் கை வெளியே வருகிறது. மாயாண்டி அந்தக் கையைப் பார்க்கிறான். கடைசியில், சிவபாண்டியின் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே, வாயைத் திறக்கிறான். தூக்கம் எதுவும் அதில் இல்லை. பல்தான் இருந்தது.

இத்தனை நாளும் பாப்பா பால் குடித்தது, தட்டுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வரப்போகிறது.

இராத்திரி புருஷனிடம் சொன்னாள். "ஏங்க, நாம சாமிக்குன்னு வச்சோம். அவன் அப்பிடி எடுத்துக்கல. இந்த வீட்ல தாந்தான் பெரியவன்னு எடுத்துக்கிட்டான். வேளைக்கு வேளை நாமளே அதச் சொல்லிக் குடுத்திருக்கோம்."

"பால் குடுத்து வளத்தது நீ. ஒனக்கே பயமா?"

"பயந்தான். எனக்கில்ல."

"அவன் வந்தப்புறந்தான் இந்த வீட்ல தொட்டிலு கட்டுனோம். நெனப்பு இருக்கட்டும்" என்று சிவபாண்டி திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் வனக்காவலர் பாண்டிராஜ் கடைக்கு வந்தார். வீடியோ அவர் ஆபீஸ் வரை போயிருந்தது. வீட்டில் குரங்கு வளர்ப்பது குற்றம், தானாக ஒப்படைத்தால் கேஸ் இல்லை என்றார். அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்போல் சற்றுத் தள்ளியே நின்றார்.

"எப்ப வந்து பிடிப்பீங்க சார்?" என்று கேட்டாள் தமிழ்வாணி.

அவர் கொஞ்சம் தடுமாறினார். "கூண்டு வேற எடத்துல நிக்குதும்மா. வெள்ளிக்கிழமதான் வரும்."

"காலையில வெள்ளனமா வந்துருங்க. ஒம்போது மணிக்குச் சோறூட்டு."

"பாக்குறேன்மா."

புருஷனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் நிறைய செருப்பு. வாடிப்பட்டியிலிருந்து அவள் அண்ணன் முத்துப்பாண்டி, அண்ணியோடு சீர்த்தட்டு ஏந்தி வந்து இறங்கிவிட்டார். வனத்துறை வண்டி வரவில்லை. தமிழ்வாணி வாழைப்பழத்தைக் காட்டி மாயாண்டியைக் குளியலறைக்குள் கூட்டிப்போய் வெளியே தாழ்ப்பாள் போட்டாள். ஒருநாளும் அடைபடாதவன். தகரக் கதவு அதிர்ந்தது. அவன் கத்திய கத்தலில் பேச்சு நின்றுபோய் எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னிக்கின்னு பாத்துச் சாமிய அடைச்சு வைப்பியா? கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று சிவபாண்டி கதவைத் திறந்துவிட்டான்.

மாயாண்டி ஒரே தாவலில் டிரம்மின் மேல் ஏறினான். முதுகு ரோமம் சிலிர்த்திருந்தது.

பாப்பா மாமன் மடியில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்தது. வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல். சிவபாண்டி அதில் ஒரு உருண்டை எடுத்து டிரம்மை நோக்கித் திரும்பினான்.

முத்துப்பாண்டி அவன் கையைப் பிடித்தார். "என்னா மாப்ள இது?"

"மொத உருண்டை அவனுக்குத்தான் மச்சான். வீட்டு வழக்கம்."

"மாமன் மடியில புள்ள உக்காந்திருக்கு. மொதப் பந்தி குரங்குக்கா? வாடிப்பட்டியில போயி இதச் சொன்னேன்னா என்னையும் சேத்து மரத்துல ஏத்தி விட்டுருவாய்ங்க."

வீடு சிரித்தது. சிவபாண்டிக்கு முகம் சுண்டியது. அவன் பதில் சொல்வதற்குள் முத்துப்பாண்டி மோதிர விரலால் பொங்கலைத் தொட்டுப் பாப்பாவின் நாக்கில் வைத்தார். பாப்பா சப்புக் கொட்டியது. குலவை கிளம்பியது. போன்கள் உயர்ந்தன. ருசி கண்ட பாப்பா, கையைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டு ஒரு பிடி அள்ளியது.

மாயாண்டி கொட்டாவி விட்டான்.

"ஐயோ பாவம், அதுக்குத் தூக்கம் வருது பாரேன்" என்றாள் ஒருத்தி.

தமிழ்வாணி பாப்பாவின் மேல் விழுந்தாள். கிண்ணம் உருண்டது. அண்ணன் மல்லாந்தார். அடுத்த கணம் அவள் முதுகில் அந்தக் கனம் இறங்கியது. இந்தத் தடவை பல் வெறுமனே பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. தோள்பட்டையில் ஒரு தடவை, முழங்கைக்கு மேலே ஒரு தடவை. அவள் பாப்பாவை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தாள். மேலே யாரோ அலறினார்கள், நாற்காலி விழுந்தது. பிறகு கனம் விலகிச் சன்னலுக்குத் தாவியது.

பாப்பாவைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. வாய் ஓரத்தில் பொங்கல். பாவாடையில் இருந்த இரத்தம் அவளுடையது.

அண்ணியிடம் பாப்பாவைக் கொடுத்து உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினாள். முத்துப்பாண்டி உலக்கையைத் தேடினார். சிவபாண்டி சுவரோடு நின்றிருந்தான். கையில் அந்த உருண்டை இன்னும் இருந்தது.

"அண்ணே, அவன அடிக்கக் கூடாது" என்றாள் தமிழ்வாணி. "எல்லாரும் வெளிய போங்க. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எடுக்கச் சொல்லுங்க."

வீடு காலியானதும் மாயாண்டி சன்னலிலிருந்து இறங்கி வந்தான். உதட்டைச் சப்பினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டு சுற்றிய கையை மோந்து பார்த்தான். பிறகு தோளில் ஏறி, அவள் தலைமுடியைப் பிரித்துப் பேன் பார்க்கத் தொடங்கினான். விரல்கள் பஞ்சுபோல இருந்தன. அவனுக்குக் கோபமில்லை. முந்தினவர்களை அடக்கியாகிவிட்டது; வீடு பழையபடி இருக்கிறது. அடுத்த வேளைவரை.

உள்ளறையில் பாப்பா அழுதது. மாயாண்டியின் விரல் ஒரு நொடி நின்றது. தலையைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தான்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

பாண்டிராஜும் இன்னொருவரும் வலையோடு இறங்கினார்கள். தமிழ்வாணி வாசலுக்கு வந்து கையைக் காட்டினாள். "வலை வேணாம் சார். என் தோள்லயே வருவான். யாரும் கிட்ட வராதீங்க."

கூண்டு ஜீப்பின் பின்னால் திறந்திருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருக்க அவள் நடந்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, புது வண்டியை ஆர்வமாகப் பார்த்தான்.

"மலையில விட்ருவீங்களா சார்?"

"வீட்ல வளந்தத அந்தக் கூட்டம் சேத்துக்காதும்மா. கொன்னே போட்ரும்."

"அப்ப?"

பாண்டிராஜ் அவள் கையில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தார். "நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே ஊசி போடணும்."

கூண்டுக்குள் பாதி உடம்பைக் குனிந்து நுழைத்து அவனை இறக்கிவிட்டாள். அவன் இறங்கினான், ஆனால் முடியை விடவில்லை. பின்னலின் நுனி அவன் கையில் சுற்றியிருந்தது. அவள் மெல்ல வெளியே வர, பாண்டிராஜ் கதவைச் சாய்த்தார். கம்பிக்கு உள்ளே அவன் கை, வெளியே அவள் தலை. முதல்முறையாக அவன் குட்டிபோலக் கத்தினான்.

அவள் கூண்டில் நெற்றியைச் சாய்த்து நின்றாள். பாண்டிராஜ் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். வெகுநேரம் ஆனது.