திரும்பியோர் பதிவேடு

எங்கள் சங்கத்தின் அறை கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் விற்கும் கடையின் மாடியில் இருக்கிறது. கடையும் மாடியும் சாதுல்லா பாயுடையவை. அவர்தான் சங்கத் தலைவர். முப்பது வருடமாகப் பாம்புகளைப் படம் எடுக்கிறவர். கல்வராயன் மலையைப் பற்றி எழுதுகிறவர்கள், அங்கே படம் எடுக்கிறவர்கள் என்று முப்பத்து நான்கு பேர் உறுப்பினர்கள். அச்சில் வந்த மூன்று கட்டுரையோ பத்துப் படமோ காட்டினால்தான் சேர்த்துக்கொள்வோம். பறவைக் கூட்டைக் கலைத்துப் படம் எடுத்தவரை அன்றே நீக்கிவிடுவோம். நான் மலை ஓடைகளைப் பற்றி எழுதுகிறவன். பன்னிரண்டு வருடமாக உறுப்பினன்.

செந்தமிழ்ச்செல்வி தொடக்கத்தில் உறுப்பினர் இல்லை. ஏழு வருடமாக அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர். சொந்த ஊர் தியாகதுருகம். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரைப் பாய்தான் அழைத்து வந்தார். எங்கள் கையெழுத்தைப் படித்து டைப் செய்வது, அடையாள அட்டை போடுவது, ஆண்டு மலரைத் தொகுப்பது எல்லாம் அவர் வேலை. கொண்டை ஊசி வளைவு வந்தால் வாந்தி வரும் என்பதால் பல வருடம் மலைக்குப் போனதே இல்லை. ஆனால் மலையில் எந்த மரம் எப்போது பூக்கும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒருமுறை என்னைப் போனில் கூப்பிட்டார்.

“சார், போன மலர்ல இந்தப் பூ மாசியில பூக்கும்னு எழுதினீங்க. இப்ப கார்த்திகைன்றீங்க. எது சரிங்க?”

மாசிதான் சரி. திருத்திக்கொண்டேன்.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. மலையேறும் உறுப்பினர், போகும் பாதையையும் இறங்கும் நேரத்தையும் காலையிலேயே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். செல்வி அதை ஒரு நீளமான நோட்டில் எழுதிவைப்பார். இறங்கி வந்ததும் சங்கத்தின் செல்போனுக்கு ஒரு அழைப்பு. செல்வி அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்குள் அடிபடாத பெயர் இருந்தால் தேட ஆள் போகும். அவர் வந்து நான்கு வருடத்தில் ஒருமுறைகூட ஆள் போக வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் ஆதிமூலம் ஐயாவின் சாவு.

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கி, ஆறுமணிக்குருவி பின்னாலேயே திரிந்தவர். செல்வியைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கரியாலூருக்கு அப்பால் ஓர் ஓடையின் பெயரைச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். பிற்பகல் மூன்று நாற்பதுக்கு சங்கத்தின் போன் அடித்தது. திரையில் அவர் பெயர்.

“செந்தமிழ்ச்செல்வி, நான் வந்துட்டேன். பேரை அடிச்சிடு.”

“சரிங்க ஐயா. குருவி கெடைச்சுதுங்களா?”

பதில் இல்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது. பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்து செல்வி பெயரை அடித்தார்.

மறுநாள் காலை அவர் மனைவி பெரியநாயகி அம்மா போன் செய்தார். வர நேரமாகும், சாப்பிட்டுப் படு என்று முன்தினம் சாயங்காலம் போனில் சொன்ன மனிதர் வீடு வந்து சேரவில்லை. செல்வி பதிவேட்டைப் பார்த்து, நேற்றே மலையிலிருந்து இறங்கிவிட்டாரே என்றார். அதனால் நாங்கள் பஸ் நிலையத்தில் தேடினோம், ஆஸ்பத்திரிகளில் தேடினோம், தெரிந்தவர் வீடுகளில் விசாரித்தோம். மலையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில்தான் கரியாலூர் முனியன் என்ற விவசாயி அந்த ஓடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

பாறையில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். மடியில் கேமரா. கடைசிப் படம் செவ்வாய் காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு எடுத்தது. மாரடைப்பு, மதியத்துக்கு முன்பே உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர். பையில் இருந்த செல்போனில் செவ்வாய் காலை சங்கத்துக்குப் பேசியதற்குப் பிறகு யாருக்கும் பேசியதாகப் பதிவு இல்லை. அந்த ஓடையில் சிக்னலும் கிடையாது. சங்கத்தின் போனிலோ செவ்வாய் மூன்று நாற்பது, முப்பத்தெட்டு விநாடி என்று இருந்தது. டவர் கோளாறாக இருக்கும் என்றார் விசாரிக்க வந்த காவலர்.

“கோளாறுன்னா, பேசினது யாருங்க?” என்று செல்வி கேட்டார்.

உடனே தேடியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று எல்லோரும் செல்வியிடம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு நாள் அந்த உடம்பு அங்கே தனியாகக் கிடந்ததற்குத் தன் சிவப்புக் கோடுதான் காரணம் என்பதை அவரால் தள்ள முடியவில்லை. இனி யாரும் தனியாகப் போகக் கூடாது என்று சங்கம் விதி போட்டது.

ஆவணி மாதம் பெரியநாயகி அம்மா சங்கத்துக்கு வந்தார். கணவர் எடுத்த படங்களைக் கண்காட்சியில் வைக்க ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். செல்வி கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு எனக்குப் போன் பண்ணாரே, போலீஸ்கிட்ட ஒண்ணை மட்டும் நான் சொல்லல” என்றார் கடைசியில். “பெரியநாயகி, வர நேரமாவும், சாப்புட்டுப் படுன்னாரு. கல்யாணம் ஆயி முப்பத்தாறு வருசம். ஒரு நாளும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஏன்னு கேக்கத் தோணலம்மா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்.”

செல்வி அந்த அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப்போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“என்னையும் அன்னிக்கு முழுப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாரு சார். பாப்பான்னு சொல்லல. எங்கம்மாவே அப்படிக் கூப்பிடாது.”

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அடுத்த மார்கழியில் ஃபரீன் மலைக்குப் போனாள். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண். பாசியையும் காளானையும் படம் எடுத்து, குழந்தைகள் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறவள். துணைக்கு வர வேண்டிய தோழிக்குக் காய்ச்சல். கரியாலூரை விட்டு அதிக தூரம் போக மாட்டேன் என்று கெஞ்சி, பாயிடம் அனுமதி வாங்கிக்கொண்டாள். காலையில் மலையில் பனிமூட்டம் என்று போன் செய்தாள். “நாலு மணிக்கு வந்துடுவேன்க்கா” என்றாள். அக்கா என்று சேர்க்காமல் அவள் செல்வியிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

மூன்றே காலுக்குப் போன் அடித்தது. ஃபரீனின் பெயர், ஃபரீனின் குரல்.

“செந்தமிழ்ச்செல்வி, நான் வந்துட்டேன். பேரை அடிச்சிடு.”

கையில் எடுத்திருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டதாகச் செல்வி சொன்னார். குரலுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. காற்று இல்லை, வண்டி இல்லை, ஆள் பேச்சு இல்லை. மூடிய அறைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

“எங்கருந்து பேசற ஃபரீன்?”

“நான் வந்துட்டேன். பேரை அடிச்சிடு.” முன்பு சொன்ன அதே ஏற்ற இறக்கம்.

“நீ எப்பவும் கூப்பிடற மாதிரி என்னை ஒரு தடவ கூப்பிடும்மா.”

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குரல் கொஞ்சம் கிட்டே வந்தது.

“பேரை அடிச்சிடு.”

செல்வி போனை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் கடைக்கு இறங்கி ஓடினார். பாய் ஒரு விவசாயியிடம் வால்வைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“பாய், ஃபரீனைத் தேட ஆள் அனுப்பணுங்க.”

“ஏம்மா, மணி மூணரைகூட ஆவலையே. போன் வரலையா?”

“வந்துச்சுங்க. வந்துட்டேன்னு சொல்லுச்சு.”

“வந்துட்டேன்னு சொன்ன பொண்ணை இன்னாத்துக்குத் தேடணும்?”

“பேசினது ஃபரீன் இல்லீங்க.”

பாய் அவர் முகத்தைப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. வால்வை விவசாயியின் கையிலேயே விட்டுவிட்டு, கரியாலூர் முனியனின் எண்ணை எடுத்தார்.

முனியனும் நான்கு பேரும் பனிமூட்டத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். ஐந்தரை மணிக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, இரண்டு பாறைகளுக்கு நடுவே பத்தடி ஆழத்தில் ஃபரீனைக் கண்டார்கள். கணுக்கால் முறிந்திருந்தது. குளிரில் உதடு நீலம் பூத்திருந்தது. அவளுடைய செல்போன் மேலே, பாறை விளிம்பில், திரை நொறுங்கிக் கிடந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று முனியன் பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் செல்வியோடு நானும் போனேன். ஃபரீனின் அம்மா செல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அம்மா மருந்து வாங்கப் போன பிறகு ஃபரீன் மெதுவாகப் பேசினாள்.

“அக்கா, நான் வுழுந்து கெடந்தப்ப மேல யாரோ போன்ல பேசிக்கினு இருந்தாங்க. ஆள் இருக்குதுன்னு நெனச்சுக் கத்தினேன். பேச்சு நிக்கல. அப்புறம்தான் தெரிஞ்சுது. அது என் குரலுக்கா.”

செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க பேசினதும் கேட்டுச்சு. எப்பவும் கூப்பிடற மாதிரி கூப்பிடும்மான்னீங்க இல்ல? நான் கீழருந்து அக்கா, அக்கான்னு கத்தினேன். உங்களுக்குக் கேக்கலையா?”

“கேக்கலம்மா” என்றார் செல்வி.

“கத்தினதும் பேச்சு நின்னுடுச்சு. யாரோ குனிஞ்சு எட்டிப் பாக்கற மாதிரி மேல வெளிச்சம் கம்மியாச்சு. நான் கண்ணை மூடிக்கினேன்.”

அதற்குமேல் அவளைப் பேசவிடாமல் செல்வி போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

சங்கக் கூட்டத்தில் இதை எப்படிக் குறிப்பில் எழுதுவது என்று ஒரு மணி நேரம் பேசினோம். சிலர் பயத்தில் ஏற்பட்ட பிரமை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களும் அடுத்த மூன்று மாதம் மலைக்குப் போகவில்லை. கடைசியில் பாய் இரண்டே வரி எழுதச் சொன்னார். இனி போனில் வரும் தகவலை ஏற்பதில்லை. திரும்பியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்ட பிறகே பெயர் அடிக்கப்படும். அதற்கு எதிர்ப்பு இல்லை.

செல்வியின் கணவர் சுபாஷ் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த வேலையை விட்டுவிடு என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். “நான் வுட்டுட்டா புதுசா ஒரு பொண்ணு வந்து குந்தும். அதுக்குக் குரலு வித்தியாசம் தெரியுமா?” என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார் செல்வி. ஃபரீனுக்கு நடந்ததைச் செல்வி எழுதவில்லை. ஆனால் அந்த வருடம் பதிவேட்டைப் பற்றி ஒன்று, ஆதிமூலம் ஐயாவின் படங்களைப் பற்றி ஒன்று, டைப் செய்தே மலையைத் தெரிந்துகொண்டதைப் பற்றி ஒன்று என மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றும் அச்சில் வந்தன. முப்பத்து நான்காவது உறுப்பினராக அவரைச் சேர்த்தோம். தன் அடையாள அட்டையைத் தானே டைப் செய்துகொண்டார். அந்தக் கோடையில் புளிப்பு மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு, ஃபரீனோடும் அவள் அம்மாவோடும் முதல்முறையாக மலைக்கு பஸ் ஏறினார். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார் என்று கேள்வி.

போன மாதம் நான் ஓடைக் கட்டுரை ஒன்றுக்காக இன்னொரு உறுப்பினரோடு மலைக்குப் போய்விட்டு, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டேன். நேராகச் சங்கத்துக்கு வந்தேன். வெளியே நல்ல வெயில். கீழே கடையில் பம்பு ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் குனிந்து கையெழுத்துப் போடத் தொடங்கினேன். மேசைமேல் இருந்த சங்கத்தின் போன் அடித்தது.

திரையில் என் பெயர் இருந்தது. ‘பிரவீன்குமார் சார்.’

என் போன் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். திரை இருட்டாகத்தான் இருந்தது.

செல்வி போனைத் தொடவில்லை. என்னை மட்டும் பார்த்தார். “கையெழுத்தை முழுசாப் போட்டுடுங்க சார்” என்றார். போட்டேன். அவசரத்தில் அது என் கையெழுத்துபோலவே இல்லை. அவர் ஸ்கேலை வைத்து, என் பெயர்மேல் சிவப்புக் கோட்டை நிதானமாக இழுத்தார். அதன் பிறகும் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“குந்துங்க சார். டீ சொல்றேன்” என்றார். “போன் நின்னதுக்கு அப்புறம் வூட்டுக்குப் போலாம்.”