கையை ஊன்றாமல் விழுந்தான்

போன வருடம் மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இடம், தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரி. கோடையில் வற்றிக் கிடக்கும் அந்த ஏரிக்குள்தான் மாசி மாதத்திலிருந்து எங்கள் ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பெரிய மழை வந்து தண்ணீர் நின்றுவிட்டால் அந்த வருட ஆட்டம் அவ்வளவுதான். அதனால் மழைக்கு முன்னால் அவசர அவசரமாகச் சுற்றுவட்டார ஊர்களைக் கூப்பிட்டு ஒரு போட்டி வைத்துத்தான் சீசனை முடிப்பார்கள். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர், ஜெயிக்கிற ஊருக்கு ஒரு கிடா.

என் மகனுக்கு இருபத்து மூன்று வயது. ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை. நானும் அங்கேயே வேறொரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். நான் எதற்கும் பயப்படுகிற ஆள். அவன் பைக்கில் கிளம்பினால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் வரும்வரை எனக்கு வேலை ஓடாது. அன்று அவன் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் கொள்ளாமல் நேராக ஏரிக்குப் போய்விட்டான். காலையிலிருந்து இரண்டு மேட்ச் ஆடி, மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒரு பாட்டில் மோரும் குடையுமாக நான் கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊர் பேட்டிங். ஓவர் முடிந்த இடைவெளியில் மோரை எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்கே போனேன். வேப்பமரத்தடியில் மைக் பிடித்திருந்தவன் விடவில்லை.

"எல்லாரும் கவனிங்க! நம்ம பேட்ஸ்மேனோட அப்பா மோரோட களத்துல இறங்கிட்டாரு. அடுத்த ஓவருக்குப் போர்வை, தலகாணி வரும்!"

கரை முழுக்கச் சிரிப்பு. எதிரணி, கர்நாடக எல்லையோரத்தில் தளிக்குப் பக்கத்து ஊர். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம், வெளியில் தமிழ். அந்த அணியின் கேப்டன் காதில் கடுக்கன் போட்டு, முன்முடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசியிருந்தான்.

"அங்கிள், எங்களுக்கும் ஒரு டம்ளர் குடுங்க. உங்க பையனை அவுட்டாக்கத் தெம்பு வேணும்ல?" என்றான்.

"அப்பா, போப்பா. மானம் போவுது" என்று என் மகன் பல்லைக் கடித்தான். மோரையும் குடிக்கவில்லை. வேலைவெட்டி இல்லாத கும்பலோடு சேர்ந்து இவனும் கெடுகிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கரைக்குத் திரும்பினேன்.

கடைசி ஓவர், எங்களுக்குக் கடைசி விக்கெட். ஐந்து பந்தில் ஏழு ரன் வேண்டும். அந்த கேப்டன்தான் பந்து வீசினான். என் மகன் அடித்த பந்து கரைப் பக்கம் ஓடியது. ஒரு ரன், இரண்டு ரன், மூன்றாவது ரன்னுக்கும் ஓடினான். பாதி வழியில் விழுந்தான்.

அதற்குள் பந்து கேப்டன் கைக்கு வந்துவிட்டது. ஸ்டம்பு அவன் காலடியில். தட்டினால் ரன் அவுட், கிடா அவர்களுக்கு. "அடிடா! அடிடா!" என்று அவன் ஊர்க்காரர்கள் கத்தினார்கள். அவன் ஒரு கணம் என் மகனையே பார்த்தான். பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

நானும் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது என் மகனுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியிருந்தது. மீனைப் போல வாயைத் திறந்து எப்போதோ ஒரு மூச்சு. வலிப்பு என்று முடிவு செய்துவிட்டேன். டிப்ளமோ படித்தவன் நான். ஆனாலும் அந்த நேரத்தில் என் கை தானாக பாக்கெட்டுக்குள் போய், பைக் சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடி அழுத்தியது. இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று சின்ன வயதில் பார்த்தது. "சாவி குடுத்துட்டேன், இப்ப நின்னுடும்" என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லவும் செய்தேன். இழுப்பு நிற்கத்தான் செய்தது. மூச்சும் சேர்ந்து நின்றது.

கேப்டன் என் மகனின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தான். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தன் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கத் தொடங்கினான். எனக்கு அது அடிப்பது போலத்தான் தெரிந்தது. "விடுடா! என் பையனை ஏன்டா மிதிக்கிற?" என்று அவன் முதுகில் ஓங்கி அடித்தேன். ஒன்றல்ல, மூன்று நான்கு அடி. அவன் திரும்பக்கூட இல்லை. "அவரைப் பிடிங்கடா" என்று மட்டும் சொன்னான். எங்கள் ஊர்ப் பையன்களே என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அமுக்கிக்கொண்டே கேப்டன் ஆட்களைப் பிரித்தான். ஒருவன் 108க்குப் போன் செய்தான். மெயின் ரோட்டிலிருந்து ஏரிக்கு வரும் மண் பாதை மூன்று இடத்தில் பிரியும்; புதிதாக வருகிற வண்டி கட்டாயம் தடுமாறும். "நீ ஸ்கூல் கிட்ட நில்லு. நீ கோயில் திருப்பத்துல. நீ கரை ஏறுற எடத்துல. சட்டையைக் கழட்டி வீசுங்கடா, வண்டி நிக்கக் கூடாது." பந்து வீசுமுன் ஃபீல்டிங் நிறுத்துவதைப் போலவே நிறுத்தினான். இரண்டு அணிப் பையன்களும் ஓடினார்கள்.

இரண்டு நிமிடத்தில் அவன் கை தளர்ந்தது. அவர்கள் விக்கெட் கீப்பரைக் கூப்பிட்டான். "முழங்கையை மடக்காத. நான் எண்றதுக்கு அமுக்கு." கீப்பர் அமுக்க, இவன் பக்கத்தில் மண்டியிட்டு எண்ணினான். கூட்டத்தின் சத்தத்தில் எண்ணிக்கை கேட்கவில்லை. அப்போது, என்னைக் கிண்டல் செய்த அந்த மைக் பிடித்தவன் ஒயரை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, மைக்கை அவன் வாயருகே பிடித்தான்.

"ஒந்து, எரடு, மூரு, நாக்கு..."

ஏரி முழுவதும் அந்தக் கன்னட எண்கள் ஒலித்தன. முப்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. கூட்டம் அடங்கிப்போனது. கீப்பருக்குப் பின்னால் எங்கள் ஊர் வேகப்பந்து வீச்சாளன், அவனுக்குப் பின்னால் அவர்கள் ஊர்ப் பையன் ஒருவன், மறுபடி கேப்டன். ஒருவன் கையை எடுக்குமுன் அடுத்தவன் கை தயாராக இருந்தது. வியர்வை அவர்கள் மூக்கு நுனியிலிருந்து என் மகனின் பனியனில் சொட்டியது. அரை மணி முன்புவரை ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டிருந்தவர்கள். நான் மண்ணில் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு நிமிடம். எங்கேயும் தடுமாறாமல் ஆம்புலன்ஸ் நேராக ஏரிக்குள் இறங்கியது. வந்தவர்கள் நெஞ்சில் பட்டைகளை ஒட்டி, எல்லோரையும் விலகச் சொல்லி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாவது முறையில் நாடி திரும்பியது.

ஓசூரில் சேர்த்தோம், மறுநாள் பெங்களூருக்கு மாற்றினார்கள். பிறந்ததிலிருந்தே அவன் இதயத்தின் மின்னோட்டத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை என்றார் டாக்டர். இப்போது தோலுக்கடியில் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறான். நன்றாக இருக்கிறான்.

அன்று மாலை ஓசூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த கேப்டனும் நின்றிருந்தான், மண் படிந்த ஜெர்சியோடு. இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடுங்க அங்கிள். எங்கப்பா இதைவிட நல்லா அடிப்பாரு."

என் மகன் தடுக்கி விழவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தடுக்கி விழறவன் கையை ஊனுவான் அங்கிள். இவன் கையை ஊனாம, மூஞ்சி அடிபட விழுந்தான். அப்பவே எனக்குப் பக்குனு ஆயிடுச்சி."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டப்பா?"

"நான் வெல்டிங் பண்ற கம்பெனிலதான். கான்ட்ராக்ட்டு. வருஷா வருஷம் முதலுதவி கிளாஸ் வெப்பாங்க. பெர்மனென்ட் ஆளுங்க கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. ரூம் காலியா இருந்தா போட்டோல நல்லா இருக்காதுன்னு எங்கள இழுத்துட்டு வந்து ஒக்கார வெப்பாங்க. மூணு வருஷம் ஒக்காந்தேன்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் கம்பெனியிலும் அதே வகுப்பு உண்டு. இருபத்தாறு வருடமும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களில் நான் ஒருவன். அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதோ, இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

இந்த வருட வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் தரையில் கிடந்த ரப்பர் பொம்மையின் நெஞ்சில் கை வைத்து அமுக்கினேன். ஒரு நிமிடத்தில் தோள் கடுத்தது. இரண்டாவது நிமிடத்தில் கை நடுங்கி, பொம்மைமேலேயே சாய்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பதினெட்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. யாரோடு சேர்ந்தால் என் மகன் கெட்டுவிடுவான் என்று பயந்தேனோ, அந்தப் பையன்களின் கைகள்தான் அவ்வளவு நேரமும் அவனுக்கு இதயமாக இருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம், இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.