டாக்டர் ஹாகன் நின்ற தேர்தல்

எங்கள் மேற்கு விஸ்கான்சினில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தால் வெர்லின் ஹாகனைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய மாட்டு ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுத்து, மருந்து கட்டிக் கொடுத்தவள் நான். தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பும் அதே மனிதர்தான் எங்கள் மாவட்டக் குடியரசுக் கட்சிக்கும் தலைவர். இரண்டும் ஒரே வேலை என்று சிரிப்பார். "ரெண்டுலயும் உதை வாங்காமத் தப்பிக்கணும், பெவ்."

கட்சி அப்போது ஒரே கூரைக்கடியில் பல குடும்பம். வரியைக் குறை என்னும் கடைக்காரர்கள், கருவைக் கலைக்காதே என்னும் திருச்சபைக்காரர்கள், அரசாங்கம் என் வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கட்டும் என்னும் துப்பாக்கிக்காரர்கள். ஒருவரை ஒருவருக்கு ஆகாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுவார் வெர்லின். அந்த மீனைப் பொரித்துப் போடுகிறவன் அவருடைய தம்பி டுவேன். அப்பாவின் பால்பண்ணை டுவேனுக்கு, படிப்பு வெர்லினுக்கு என்று பிரிந்ததில் அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

பிறகு பால் விலை விழுந்தது. சுற்றியிருந்த பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. டுவேன் டிராக்டரில் உட்கார்ந்து பகலெல்லாம் வானொலி கேட்டான். பெரிய இடத்து ஆட்கள் நம்மை விற்றுவிட்டார்கள், எல்லையைத் திறந்துவிட்டார்கள் என்று அதில் கத்தினார்கள். அவனைப் போலவே வெந்துபோன புது ஆட்கள் கட்சிக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர், எங்கள் கட்சிக்காரர்தான், உரிய ஆவணமில்லாத வெளிநாட்டுப் பண்ணையாட்களுக்கும் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் மசோதாவை ஆதரித்தார். தீயணைப்பு நிலைய மண்டபத்தில் அவரைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தவன் டுவேன்.

"துரோகிக்கு இந்தக் கட்சியில இடமில்ல" என்றான்.

தலைவர் நாற்காலியிலிருந்து வெர்லின் எழுந்தார். "அது சரி டுவேன், காலையில உன் மாட்டையெல்லாம் கறந்தது யாருப்பா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. டுவேனின் மாடுகளைக் கறப்பவர் யூசேபியோ என்னும் மெக்சிகோக்காரர் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். டுவேனின் கழுத்து சிவந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தீர்மானம் நிறைவேறியது. அடுத்த கூட்டத்தில் வெர்லினைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்குக் கை தூக்கியவர்களில் டுவேனும் ஒருவன்.

"உண்மையைத்தானே கேட்டேன்?" என்று வெர்லின் தன் மனைவி மார்லிஸிடம் புலம்பினார்.

"உண்மைதான். அதை நாலு பேர் முன்னாடியா கேக்கணும்? அவன் உன் தம்பி."

மாநிலத் தலைநகர் மாடிசனிலிருந்து சிலர் அவரைத் தேடி வந்தது அப்போதுதான். 'நடுவழி' என்று புதுக்கட்சி. இரண்டு பக்கமும் சலித்தவர்களுக்கு ஓர் இடம் என்றார்கள். சட்டசபைக்கு நிற்கக் கேட்டார்கள். அவர்கள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த வெர்லின் தாகம் தீர்ந்தவர் மாதிரி இருந்தார். "யாரும் யாரையும் துரோகின்னு சொல்லல, பெவ். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க."

இரண்டாவது கூட்டத்துக்கு நானும் போனேன். கருக்கலைப்பைப் பற்றி நம் நிலை என்ன என்று வெர்லின் கேட்டார். அவர் பழைய சபைக்காரர். அதில் அவருக்கு உறுதியான எண்ணம் உண்டு.

"அதை இப்பத் தொடவேணாம், டாக்டர்" என்றாள் கூட்டத்தை நடத்திய பெண். "தொட்டா பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க."

திரும்பும் வழியில், "சண்டையில்லாத வீடுதான். ஆனா உள்ள யாரும் குடியிருக்கிற மாதிரி தெரியல" என்றார். ஆனாலும் நின்றார். பழைய வீட்டுக் கதவு சாத்தியாகிவிட்டதே.

கோடை முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போனார். பலர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "என் ஓட்டு உங்களுக்குத்தான், டாக்டர். வெளிய சொல்லிடாதீங்க." அவர் பெயர்ப் பலகையை வாசலில் நட மட்டும் ஒருவரும் இடம் தரவில்லை.

நவம்பரில் எங்கள் தொகுதி, எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக, எதிர்க்கட்சிக்குப் போனது. எங்கள் பழைய கட்சி தோற்ற வித்தியாசத்தைவிட வெர்லின் பிரித்து வாங்கிய வாக்கு அதிகம். மறு ஞாயிறு லுத்தரன் சபையில் அவரும் மார்லிஸும் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

பிப்ரவரி மாதம், ஒரு மத்தியானம், டுவேனின் மனைவி ஜோலீன் அழைத்தாள். "பெவ், டாக்டரை வரச் சொல்லு. தலைச்சன் கன்னு, குறுக்கே கிடக்கு. டுவேனுக்குத் தெரியாமத்தான் கூப்பிடறேன்." டுவேன் அமர்த்திக்கொண்ட வேறு வைத்தியர் தூரத்து ஊர்க்காரர். ரோடெல்லாம் பனிக்கட்டி. வெர்லினுக்கு ஒரு தோளில் அறுவை நடந்திருந்ததால் நான் வண்டி ஓட்டினேன்.

தொழுவ வாசலில் டுவேன் நின்றான். உள்ளே பசு கதறியது.

"வழி விடு டுவேன். நேரமில்ல."

"நீங்க கெளம்புங்க, டாக்டர் ஹாகன். எங்களுக்கு வேற வைத்தியர் வர்றார்."

பேசப் பழகிய நாள் முதல் 'வெர்ல், வா, போ' என்று கூப்பிட்டவன். அந்த 'நீங்க'வில் வெர்லின் ஓரடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன்.

"அது செத்துப்போயிடும்டா."

"சாகட்டும். என் மாடு."

அவனுக்குப் பின்னால் யூசேபியோ நின்றார். முழங்கை வரை ரத்தம். "டாக்டர்..." என்று ஆரம்பித்தவர், டுவேன் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குப் போக வெர்லின் விடவில்லை. பாதை முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருந்தோம். மற்ற வைத்தியரின் வண்டி வருவதற்கு முன்பே கதறல் நின்றுவிட்டது.

"இந்தப் பசுவோட தாயையும் நான்தான் வெளிய இழுத்தேன்" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பண்ணையும் நிலைக்கவில்லை. வானொலிக்காரர்கள் சொன்ன ஆட்சி வந்தது, போனது. பால் விலை மட்டும் எழவே இல்லை. டுவேன் மாடுகளை ஏலத்தில் விற்றுவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போகக் கிளம்பினான். வெர்லின் வேலியோரம் நின்று, லாரியில் ஏறும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோலீன் ஓடிவந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். டுவேன் வண்டியை விட்டு இறங்கவில்லை. வெர்லின்தான் ஜன்னலருகே போனார்.

"அன்னைக்கு மண்டபத்துல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

டுவேன் நேரே பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். "யூசேபியோவுக்கு எங்கயாவது வேலை பாத்துக் கொடுங்க" என்றான். வண்டி நகர்ந்தது.

நடுவழிக்காரர்கள் அதற்கு முன்பே அலுவலகத்தை மூடிவிட்டிருந்தார்கள். இப்போதும் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வெர்லினிடம் வருகிறார்கள். காப்பி கொடுத்து, அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டு அனுப்புகிறார். கிறிஸ்துமஸுக்கு அரிசோனாவிலிருந்து ஜோலீன் மட்டும் அழைப்பாள். அவள் பேசும்போது பின்னால் டுவேனின் தொலைக்காட்சி சத்தமாக ஓடும். அவள் விடைபெற்ற பிறகும், அவள் ரிசீவரை வைக்கும்வரை, வெர்லின் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.