பென்சிலில் போட்ட ‘இல்லை’

எனக்குக் கடல் என்றால் பயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சோறு தின்பதே கடலால்தான். கடல் தரையில் படிந்த சேற்றை அலசி, அதில் கிடக்கும் ரவையைவிடப் பொடியான உயிர்களின் ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்து, இந்தச் சேறு எந்தக் காலத்தது, அப்போது கடல் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்று சொல்வது என் வேலை. சேறு எனக்குப் பொட்டலத்தில் வரும். அலை அதோடு சேர்ந்து வருவதில்லை. அதனால் பல வருடம் நிம்மதியாக இருந்தேன்.

அந்தச் சேற்றை எடுக்கவென்றே கப்பல்கள் இருக்கின்றன. நம் ஊரில் போர் போடும் வண்டி வந்து நிற்கிறதே, அந்த மாதிரிதான். நடுக்கடலில் நின்று, அடித்தரையைத் துளைத்து, நீள நீளக் குழாய்களில் மண்ணையும் பாறையையும் மேலே கொண்டுவருவார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பல நாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய பேராசிரியர்தான் வரவேண்டும் என்றில்லை. முனைவர் பட்டம் வாங்கி ஈரம் காயாதவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்தச் சேற்றில் நீ என்ன தேடப்போகிறாய் என்று ஒரு பக்கம் எழுதவேண்டும், வழிகாட்டியின் கடிதம் ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் ‘மன்னிக்கவும்’ என்று பதில் வந்தது. இரண்டு முறையும் அழுதேன். அழுது முடித்த பிறகு நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாவது முறை ‘வாருங்கள்’ என்று வந்துவிட்டது. இரண்டு மாதம், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை, கண்ணுக்கெட்டிய தூரம் கரை கிடையாது. ஆனால் போகாமல் இருக்கவும் முடியாது. சென்னையில் என் ஆய்வகத்தில் எனக்கிருந்தது தற்காலிக வேலை, அதுவும் அந்த வருடத்தோடு முடிகிறது. இந்தக் கப்பலில் போய், இந்தச் சேற்றைக் கையில் வாங்கி, இதை வைத்து நாலு கட்டுரை எழுதினால்தான் அடுத்த வேலை. இல்லையென்றால் செஞ்சிக்குத் திரும்பி டியூஷன் எடுக்கவேண்டியதுதான்.

போவதற்கு முன் உடல்தகுதிப் படிவம் ஒன்று. பதினோரு பக்கம். பல்லில் ஓட்டை உண்டா என்பதிலிருந்து ஆரம்பிக்கும். நம்மைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற டாக்டரே கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார்கள். அச்செடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

எங்கள் அம்மா முப்பது வருடம் அங்கன்வாடி டீச்சர். படிவம் என்றால் அவளுக்கு வெல்லம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கையில் பேனா ஒன்று, பென்சில் ஒன்று. அது அவளுடைய வேலைப் பழக்கம். பிள்ளைகளின் எடையைப் பதிவேட்டில் ஏற்றும்போது சந்தேகமில்லாததைப் பேனாவில் எழுதுவாள். ‘தராசு சரியில்ல, அடுத்த வாரம் பாக்கலாம்’ என்று தோன்றினால் பென்சிலில் எழுதுவாள். பென்சிலில் எழுதியது பொய்யாகாது என்பது அவள் கட்சி. எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். சர்க்கரை, இல்லை. ஆஸ்துமா, இல்லை. அறுவை சிகிச்சை, இல்லை. தழும்பு? முகவாயில் ஒன்று. எட்டு வயதில் ராஜகிரிக் கோட்டைப் படியில் சறுக்கி விழுந்தது.

“எப்போதாவது வலிப்போ மயக்கமோ...”

“இல்லன்னு போடு.”

நான் கேள்வியை இன்னும் முடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன்.

“இன்னாடி பாக்கற? அதான் சொல்றேன் இல்ல. அடுத்தது இன்னா, படி.”

அவள் குரலில் ஏதோ இடித்தது. ஆனால் பதினோரு பக்கம் பாருங்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்குக்கு அம்மாவும் கிளம்பினாள். “எனக்கு முப்பத்தோரு வயசு, நீ எதுக்கு?” என்றேன். கேட்காதவள் போலச் செருப்பை மாட்டினாள். டாக்டருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் மட்டும் அப்படியே இருந்தது. பிரஷர் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், படிவத்தைப் புரட்டினார். காலியாக விட்டிருந்த அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

“மாத்திரைய நிறுத்தி எத்தன வருஷம் ஆவுதும்மா?”

“அதெல்லாம் இப்ப ஏன் சார்” என்றாள் அம்மா.

“என்ன மாத்திரை?” என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். படிவத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். “ரெண்டு பேரும் பேசி, உள்ளது உள்ளபடி எழுதிக்கினு வாங்க. அப்புறம் கையெழுத்து போடறேன்.”

வெளியே வந்ததும் அம்மாவுக்கு முட்டி வலிகூட மறந்துவிட்டது. வீடு வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வீட்டில் நைனா நிலக்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, முற்றத்தில் உலர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். ஆக, அவருக்கும் தெரியும்.

“சொல்லு” என்றேன்.

“அன்னிக்கி கோட்டப் படியில நீ வழுக்கி உயுல” என்றாள் அம்மா. “உனுக்கு இழுப்பு வந்துது.”

எட்டு வயதில் இரண்டு தடவை அந்த வலிப்பு வந்திருக்கிறது. முதல் தடவை வீட்டில், காய்ச்சலின்போது. காய்ச்சல்தான் காரணம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை மலையில். காய்ச்சலே கிடையாது. புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். மூன்று வருடம் மாத்திரை. எனக்கு அந்த மாத்திரை நினைவிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்து வாழைப்பழத்தில் வைத்துத் தருவாள். ‘சத்து மாத்திரை’ என்பாள். பேர் போட்ட அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து டப்பாவில் போட்டு, அட்டையை அடுப்பில் எரித்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தில் தலை கிறுகிறுத்தது. கிறுகிறுத்ததும் பயம் வந்துவிட்டது. இது வெறும் கோபம்தானா? உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த உடம்பை அந்த நிமிடம் முதல் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

“ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவியே! புள்ளைக்கு இழுப்பு வந்தா மறைக்காதீங்கன்னு வீடு வீடா போயி சொன்னது நீதான?”

“நான்தான்டி. நான்தான் சொன்னேன்.” அம்மா அழவில்லை. “என் சென்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சி. அதுக்கு இழுப்புன்னு அவங்கம்மா என் பேச்ச கேட்டு வெளிய சொல்லிட்டா. அன்னிலேர்ந்து ஒருத்தியும் தம் புள்ளைய அது பக்கத்துல உக்கார உடல. அது குடிச்ச டம்ளர தனியா வெச்சாங்க. அடுத்த மாசமே உனுக்கு வந்துது. நான் இன்னா பண்ணுவேன்?”

அன்று முழுக்க நான் அந்தக் கப்பலை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டே இருக்கும் தளம். செங்குத்தான இரும்பு ஏணிகள். பாதிப் பேருக்குப் பகலில் வேலை, பாதிப் பேருக்கு இரவில். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். நான் விழுந்தால் ஆஸ்பத்திரி பல நாள் தூரத்தில் இருக்கும். கப்பலைத் திருப்பவேண்டும். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தவர்களின் வருடக்கணக்கான வேலை என் ஒருத்தியால் பாழாகும். அது கூடப் பரவாயில்லை. ஏணியில் நிற்கும்போது வந்தால்?

ஆனால் உண்மையை எழுதினால் இடம் போய்விடும். இருபது வருடத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லையே! யாருக்குத் தெரியப்போகிறது? வேறொரு டாக்டரிடம் போனால் கேட்காமலே கையெழுத்துப் போடுவார். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மேசையில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்கு நேரே ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டேன். பென்சிலில்தான் போட்டேன். என் கை தானாகவே பென்சிலை எடுத்திருக்கிறது.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன பதில்தான் அது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பினாள். “கெளம்பு. மலைக்கு போலாம்.”

செஞ்சியில் பிறந்து, பாறையைப் படித்துப் பட்டம் வாங்கி, ராஜகிரி உச்சிக்குப் போகாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சறுக்கிவிடுவேன் என்ற பயம். எட்டு வயதிலிருந்து படியைக் கண்டால் கால் கூசும். அம்மாவுக்கோ இரண்டு முட்டியும் போய்விட்டது. கோட்டைக் கேட்டைத் திறந்ததும் ஏற ஆரம்பித்தோம். பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாள். “வேணாம்மா, எறங்கிடலாம்” என்றால், “நீ மூடிக்கினு வா” என்றாள். வெயில் ஏறியது. எங்கள் தண்ணீர் பாட்டிலைக் குரங்கு ஒன்று பிடுங்கிக்கொண்டு போனது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவில் பெரிய பள்ளம். அதைத் தாண்டச் சின்னப் பாலம் ஒன்று உண்டு. அந்தப் பாலம் கண்ணில் பட்டதும் அம்மா நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

“இங்கதான்.”

பாலத்துக்கு நாலு படி இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

“நீ அப்ப ஒரு எடத்துல நிக்க மாட்ட. முன்னால முன்னால ஓடிக்கினு இருந்த. நைனா எங்கியோ பின்னால வர்றாரு. அப்பதான் ஒரு கொரங்கு வந்து பல்ல காட்டுச்சி. நீ பயந்து திரும்பி ஓடியாந்து என் கைய புடிச்ச. புடிச்ச கையோட அப்படியே கண்ணு சொருவிக்கிச்சி. உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. முகவா படியில இடிச்சிது. கைய மட்டும் நான் உடல.” அம்மா பள்ளத்தைப் பார்க்காமல் பேசினாள். “அந்தக் கொரங்கு வரலன்னா நீ பாலத்தாண்ட போயிருப்ப.”

பாலத்தின் கம்பி இடுப்புயரம்தான். எட்டு வயதுப் பிள்ளை அதன் அடியிலேயே நழுவிவிடும். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவும் உட்கார்ந்தாள். அவள் கை என் மணிக்கட்டை விடவே இல்லை.

“கப்பல்ல யாருடி புடிப்பா?” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் படிவத்தை எடுத்தாள். ரப்பரால் என் டிக்கை அழித்தாள். சுத்தமாக அழிந்ததா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பேனாவை எடுத்து ‘ஆம்’ கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள். காகிதம் பின்பக்கம் புடைத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருடம் கட்டிக் காத்ததை எனக்காக விட்டுவிட்டாளே என்று நான் அழுதேன். அவள் அழவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

டாக்டர் கையெழுத்துப் போட்டு, புதுச்சேரியில் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். தலை முழுக்க ஒயர் ஒட்டி மூளையைப் பதிவு செய்தார்கள். திரையில் அந்தக் கோடுகள் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் நான் மூச்சைப் பிடித்திருந்தேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். இனிக் கப்பலின் மருத்துவக் குழு முடிவெடுக்கும். இடம் போனாலும் சும்மா இருக்கப்போவதில்லை. கரைக்கு வந்த பிறகு அந்த மண்ணைக் கிடங்கில் வைப்பார்கள், கப்பலில் போகாதவர்களும் எழுதிக் கேட்டால் கொஞ்சம் கிடைக்கும். வரிசையில் கடைசி ஆளாக, வருடக்கணக்கில் தாமதமாக. அதற்குள் என் வேலை போயிருக்கும்.

பதில் வருவதற்குள் இரண்டு முறை செஞ்சிக்கு வந்துபோனேன். இரண்டாவது முறை, சாயங்காலம், மூன்று பேரும் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். செல்போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். இன்னொரு தரம் படித்தேன்.

“இன்னாவாம்?” என்றார் நைனா.

“வரச் சொல்லிட்டாங்க. ரிப்போர்ட் நல்லா இருக்குதாம். ராத்திரி ஷிப்ட் போடமாட்டாங்களாம். கப்பல் டாக்டர் மருந்து கையில வெச்சிருப்பாராம். என்கூட ரூம்ல தங்கற பொண்ணுகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடணுமாம்.”

நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மடியிலிருந்த மல்லாட்டை கீழே உருண்டது.

“உண்மைய எழுதனா உட மாட்டாங்கன்னு நெனச்சேன்டி” என்றாள்.

நைனா அவளையே பார்த்தார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ‘மன்னிக்கவும்’ என்று வந்த இரண்டு நாளும் நான் தூங்கிய தூக்கம் ஞாபகம் வந்தது. அந்த மின்னஞ்சலைத் திறக்கும்போதுகூட, முதல் வரியில் அந்தச் சொல் இருக்கிறதா என்றுதான் என் கண் தேடியது.

“நானும்தாம்மா” என்றேன்.

நான் பதில் தட்ட ஆரம்பித்தேன். எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது. ‘நன்றி. வருகிறேன்.’ இவ்வளவுதான் எழுதவேண்டும், மூன்று தரம் அழித்து எழுதினேன். பிறகு அனுப்பினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“பென்சில்ல போடற மாதிரி எதுவும் இல்லியா அதுல?”

“இல்லம்மா” என்றேன்.