சிவப்புச் சட்டை இன்ஸ்பெக்டரின் பாட்டு

ரத்தச் சிவப்பில் பட்டுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தோள்வரை தொங்கும் முடி. எண்பதுகளில் ஓசூர் ராமநவமிக் கச்சேரி மேடையில் அந்தக் கோலத்தில் ஒருவர் வீணையோடு ஏறியபோது ஊர் அவரைக் கோமாளி என்றது. எங்கள் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதனை இன்ஸ்பெக்டர். நான் அதே பிரிவில் உதிரிபாகங்களைப் பொருத்துகிறவள். வேலையிடத்தில் காக்கிச் சீருடையில் அதிர்ந்துகூடப் பேசமாட்டார். மேடைக்கு மட்டும் ஏன் சார் இந்த வேஷம் என்று ஒருமுறை கேட்டேன். "திட்டறவங்க சட்டையத் திட்டிட்டுப் போகட்டும்மா. பாட்டு தப்பிச்சுக்கும்" என்றார்.

பாட்டும் திட்டுக்குத் தப்பவில்லை. அவர் இயற்றிய கிருதியில் பல்லவி தமிழ், அனுபல்லவி கன்னடம், சரணம் தெலுங்கு. மூக்கண்டப்பள்ளிக் குழாயடியில் நாங்கள் சண்டை போடுவதும் அப்படித்தான். சூளகிரியில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு அது. சாமி பெயர் எங்கும் இல்லை. ராகம் நடுவழியில் நிறம் மாறும். முடிவில் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் குரல் கீழே இறங்கி நின்றுவிடும். முறையாகச் சங்கீதம் கற்றவள் நான். அவர் முதலில் அதை வாசித்துப் பாடிக் காட்டியபோது, இத்தனை நாள் பாடியதில் ஒன்றுகூட என்னைப் பற்றியது இல்லை என்று உறைத்தது.

அந்த வருட ராமநவமிக்கு அவர் வீணை வாசிக்க, நான் அதைப் பாடுவதாக இருந்தது. கச்சேரிக்குச் சற்று முன் விழாக் கமிட்டிச் செயலாளர் என்னிடம் வந்தார். "பஸ் பாட்டெல்லாம் வேணாம்மா. பாடுனா இனிமே உனக்கு இந்த மேடை கெடையாது." ஊரில் எனக்கிருந்த ஒரே மேடை அது. சுருதி சேர்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், "உன் இஷ்டம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார்.

பாடினேன். அனுபல்லவியிலேயே முன்வரிசை எழுந்தது. அவர் வாசிப்பை நிறுத்தாமல் நிமிர்ந்து, "போறவங்க தாளத்துல போங்க சாமி!" என்றார். சிரிப்பும் வசையும் சேர்ந்து எழுந்தன. செயலாளர் மைக்கை அணைத்தார். நான் இன்னும் உரக்கப் பாடினேன். பின்னால் நின்றிருந்த எங்கள் பிரிவுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, காலியான நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஒருத்தி மட்டும், "அக்கா, இன்னொருக்கா பாடேன்" என்றாள். பாடினேன்.

சொன்னபடியே அந்த மேடை எனக்கு மூடிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் காலமான பிறகு அவரை மேதை என்கிறார்கள். அவர் நினைவாகப் பாட அதே கமிட்டி சென்ற வருடம் என்னை அழைத்தது. "சரணத்துல ஒரே ஒரு வரி சாமி பேரு சேத்துக்கலாமாம்மா?" என்று பணிவாகக் கேட்டார்கள்.

முடியாது என்றேன். ராமநவமி அன்று மாலை என் வீட்டு மொட்டைமாடியில், ஓர் எழுத்துகூட மாற்றாமல் பாடினேன். கேட்க வந்தவர்களுக்குப் பாய் போதவில்லை.